மஜேயா 9: நிறுவனரே வேலை இழந்த நிறுவனத்தின் மிச்சம் எப்படி இருக்கிறது?

2006 மார்ச்சில் மாண்ட்ரிவா என்னும் பிரெஞ்சு மென்பொருள் நிறுவனம், செலவைக் குறைப்பதாகச் சொல்லிச் சில ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தியது. நிறுத்தப்பட்டவர்களில் காயேல் டுவாலும் ஒருவர். 1998-இல் மாண்ட்ரேக் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொகுத்து இணையத்தில் ஏற்றியவரும், அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு இன்னும் இருவருடன் சேர்ந்து அந்த நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான். நிறுவனர்கள் தாங்கள் தொடங்கிய இடத்திலிருந்து வெளியேறுவது மென்பொருள் உலகில் அரிதல்ல என்றாலும், பெரும்பாலும் அது இயக்குநர் குழுவில் நடக்கும் அதிகாரப் போட்டியின் முடிவாக இருக்கும். இங்கே அப்படியில்லை. எந்த ஊழியருக்கும் நேரக்கூடிய சாதாரண ஆட்குறைப்பில், மற்றவர்களோடு சேர்த்து நிறுவனரும் அனுப்பப்பட்டார்.

அந்த நிறுவனம் இன்று இல்லை. அது செய்த பொருளோ வேறு பெயரில் இன்றும் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கி நிறுவிக்கொள்ளலாம். 2023 ஆகஸ்ட் 27 அன்று வெளியான மஜேயா 9 என்ற அந்த லினக்ஸ் இயங்குதளம் பற்றியதே இந்த மதிப்பீடு. பழைய கதையைத் தள்ளிவைத்துவிட்டு இதை மதிப்பிட முடியாது என்பது என் எண்ணம். ஏனெனில் இதன் பலமும் சரி, பலவீனமும் சரி, அந்த நிறுவனத்தின் அடுத்தடுத்த ஆட்குறைப்புகளிலிருந்தே வந்தவை.

1998-இல் லினக்ஸ் நிறுவுவது படித்தவர்களுக்கே பயம் தரும் வேலையாக இருந்தது. அப்போது முன்னணியில் இருந்த ரெட் ஹாட், கேடிஇ என்ற மேசைத்தளத்தை (சாளரங்களும் பட்டியல்களும் கொண்ட திரைச் சூழலை), அது சார்ந்திருந்த க்யூட்டி என்ற நிரல் நூலகத்தின் உரிமம் காரணமாகத் தன் வெளியீட்டில் சேர்க்க மறுத்தது. டுவால் அந்த ஆண்டு ஜூலையில் வந்திருந்த கேடிஇ 1.0-ஐ ரெட் ஹாட் 5.1-உடன் இணைத்து மாண்ட்ரேக் என்று வெளியிட்டார். சில பதிப்புகளுக்குள் மாண்ட்ரேக் ரெட் ஹாட்டின் நிழலிலிருந்து விலகிவிட்டது. 2000-இன் தொடக்கத்தில் வந்த 7.0 பதிப்பில் டிராக்எக்ஸ் என்ற வரைகலை நிறுவியும், வன்தட்டைப் பிரிக்கும் டிஸ்க்டிரேக் என்ற கருவியும் இருந்தன. கறுப்புத் திரையில் கட்டளை தட்டாமலே லினக்ஸ் நிறுவலாம் என்று பலருக்கு நம்பிக்கை வந்தது இவற்றால்தான்.

நிறுவனத்தின் கணக்குப்புத்தகம் அந்த அளவுக்கு ஒழுங்காக இல்லை. 2001-இல் பங்குச்சந்தைக்கு வந்தார்கள். இடையே பொறுப்பேற்ற மேலாளர்கள் இணையவழிக் கல்வி என்று வேறொரு தொழிலில் பணத்தைக் கரைத்தார்கள். 2002-இல் பயனர்களிடமே சந்தா சேரச் சொல்லிக் கைநீட்ட வேண்டிய நிலை வந்தது. 2003 ஜனவரியில் கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2004-இல் அதிலிருந்து மீண்டு, 2005-இல் பிரேசிலின் கொனெக்டிவா நிறுவனத்தை வாங்கி, இரண்டு பெயரையும் கலந்து மாண்ட்ரிவா ஆனார்கள். பெயர் மாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர்க் காமிக்ஸ் வாசகர்களுக்குப் பழக்கமான மந்திரவாதி மாண்ட்ரேக்கின் உரிமையாளரான ஹெர்ஸ்ட் நிறுவனம் வழக்குத் தொடுத்து, தீர்ப்பும் அவர்களுக்குச் சாதகமாக வந்திருந்தது. மாண்ட்ரேக்கின் தோழன் லோதாரிடம் அடிவாங்கியவர்களின் வரிசையில் ஒரு மென்பொருள் நிறுவனமும் சேர்ந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் 2006 மார்ச் வருகிறது. டுவால் தன் வேலைநீக்கத்தைத் தானே பொதுவில் அறிவித்தார். நீதிமன்றத்தை நாடப்போவதாகவும் சொன்னார். அப்போது அவர் கவனித்துவந்த பணி நிரலெழுதுவதாக இல்லை. நிறுவனத்துக்கும் வெளியிலிருந்த பயனர்களுக்கும் இடையே பேசும் பொறுப்பில் இருந்தார். வரவு செலவு பார்ப்பவர் கண்ணுக்கு அப்படிப்பட்ட ஒருவரின் சம்பளம் முதலில் வெட்டக்கூடிய செலவாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் உபுண்டு என்ற புதிய லினக்ஸ் வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத காலம் அது. புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்கள் கூட்டமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் பயனர்களுக்கு முகமாக இருந்தவரையே அனுப்பியது, கணக்கில் சரியாகவும் தொழிலில் தவறாகவும் இருந்த முடிவு என்றே நான் கருதுகிறேன்.

2010 செப்டம்பரில் நிறுவனத்தின் எட்ஜ்-ஐடி என்ற துணை நிறுவனம் கலைக்கப்பட்டபோது, இயங்குதளத்தைப் பராமரித்துவந்த ஊழியர்களில் பலர் ஒரேயடியாக வேலை இழந்தார்கள். அவர்கள் அதே மாதம் 18-ஆம் தேதி, இனி எந்த நிறுவனத்தின் தயவையும் நம்பப்போவதில்லை என்று அறிவித்து, மாண்ட்ரிவாவின் நிரல்களை எடுத்துக்கொண்டு மஜேயாவைத் தொடங்கினார்கள். நிரல்கள் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவைப்படவில்லை. பிரெஞ்சுச் சட்டப்படி பதிவான லாபநோக்கற்ற சங்கம் ஒன்று இன்றுவரை அதை நடத்துகிறது. தாய் நிறுவனமான மாண்ட்ரிவா 2015 மே மாதம் கலைக்கப்பட்டது. வேலைநீக்கம் செய்யப்பட்ட முன்னாள் ஊழியர்கள் தொடுத்த வழக்குகளும், உடனே பணம் கொடுக்கச் சொன்ன தீர்ப்புகளும்தான் கடைசி அடி என்று அதன் தலைமை அதிகாரி அப்போது கூறினார்.

இனி பொருளுக்கு வருவோம்.

மஜேயா 9 இரண்டு விதமாகக் கிடைக்கிறது. நிறுவாமலே ஓட்டிப் பார்க்கக்கூடிய லைவ் வடிவங்கள் பிளாஸ்மா (கேடிஇயின் இன்றைய வடிவம்), க்னோம், எக்ஸ்எஃப்சிஇ என்ற மூன்று மேசைத்தளங்களில் உள்ளன. கிளாசிக் நிறுவி என்று இன்னொன்று உண்டு. டிவிடி அளவுக்குப் பெரிதான அந்த ஒரே கோப்பில் மேசைத்தளங்களும் ஏராளமான மென்பொருள் தொகுப்புகளும் அடங்கியிருப்பதால், இணைய இணைப்பு தடுமாறும் இடங்களில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நிறுவலாம். எனக்குப் பிடித்தது இதுதான். இப்போதைய லினக்ஸ் நிறுவிகள் நான்கைந்து கேள்விகளோடு வேலையை முடித்துக்கொள்கின்றன. இது அப்படி அவசரப்படுவதில்லை.

வன்தட்டைப் பிரிக்கும் திரையில் டிஸ்க்டிரேக் இன்றும் அதே பழைய தோற்றத்தில் வருகிறது. தட்டு முழுவதும் ஒரு நீண்ட பட்டையாகக் காட்டப்பட்டு, லினக்ஸ் பகுதிகள் சிவப்பிலும், ஸ்வாப் (நினைவகம் போதாதபோது உதவும் பகுதி) பச்சையிலும், விண்டோஸ் பகுதிகள் நீலத்திலும், காலியிடம் வெள்ளையிலும் இருக்கும். ஒரு துண்டைச் சொடுக்கினால் அதன் அளவும் இணைப்பிடமும் பக்கத்தில் தெரியும். அங்கேயே அதைச் சுருக்கலாம், அழிக்கலாம், வேறு இடத்தில் இணைக்கலாம். எதை அழிக்கப்போகிறோம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அழிக்கலாம் என்பதே இதன் அருமை. விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போட விரும்புகிறவருக்கு, விண்டோஸ் பகுதியிலிருந்து எவ்வளவு இடம் எடுக்கலாம் என்பதை ஒரு நகர்த்தியை இழுத்தே முடிவு செய்யும் வழியும் உண்டு.

நிறுவல் முடியும் தறுவாயில் சுருக்கத் திரை ஒன்று வருகிறது. நேர மண்டலம், பூட்லோடர் (இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் நிரல்), பயனர் கணக்கு, பின்னணிச் சேவைகள், விசைப்பலகை, சுட்டி, ஒலி அட்டை, வரைகலை, வலைப்பின்னல், பாதுகாப்பு நிலை, ஃபயர்வால் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே, தான் கண்டுபிடித்ததை எழுதி, பக்கத்தில் ஒரு பொத்தானும் வைத்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் அடுத்ததை அழுத்திவிட்டுப் போகலாம். ஏதாவது ஒன்று தவறாக இருந்தால் அந்த ஒன்றை மட்டும் திறந்து திருத்தினால் போதும். இயந்திரத்தைத் திறந்து காட்டி, இது இப்படி இருக்கிறது, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கும் மெக்கானிக்கின் மரியாதை இந்தத் திரையில் இருக்கிறது.

மஜேயாவைத் தேர்ந்தெடுக்க உண்மையான காரணம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமென்றால், அது மஜேயா கட்டுப்பாட்டு மையம்தான். மாண்ட்ரேக் காலத்திலிருந்து வழிவழியாக வந்திருக்கும் இந்த ஒரே சாளரத்துக்குள் மென்பொருள், வன்பொருள், வலைப்பின்னல், பகிர்வு, வன்தட்டு, பாதுகாப்பு, பூட் என்று கணினியின் அத்தனை நிர்வாகமும் பகுதி பகுதியாக அடுக்கப்பட்டிருக்கிறது. எந்த மேசைத்தளத்தில் இருந்தாலும் இந்தச் சாளரம் மாறுவதில்லை. மற்ற லினக்ஸ்களில் இணையத்தில் தேடி, யாரோ எழுதிய கட்டளையைப் புரியாமலே ஒட்டி ஓட்டவேண்டிய பல வேலைகளுக்கு இங்கே ஒரு படிவம் இருக்கிறது.

ஃபயர்வாலை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்ததும், வெளியிலிருந்து எந்தச் சேவைகளை அனுமதிக்கலாம் என்று கேட்டு, வலை வழங்கி, எஸ்எஸ்ஹெச், மின்னஞ்சல் வழங்கி என்ற பட்டியலை டிக் செய்யும் பெட்டிகளோடு தருகிறது. பட்டியலின் தலையில், ஃபயர்வாலே வேண்டாம், எல்லாவற்றையும் அனுமதி என்ற பெட்டி. அடுத்து, எந்த இணைப்பு இணையத்தோடு சேர்ந்திருக்கிறது என்று கேட்கிறது. அவ்வளவுதான், பின்னால் ஷோர்வால் என்ற ஃபயர்வால் நிரலின் அமைப்புக் கோப்புகளை அதுவே எழுதிக்கொள்கிறது. விண்டோஸ் கணினிகளோடு கோப்புறை பகிர்வது, ஒரே இணைய இணைப்பை மற்றக் கணினிகளுக்கும் கொடுப்பது, குழந்தைகள் பயன்படுத்தும் நேரத்தைக் கட்டுப்படுத்துவது ஆகியவையும் இதே பாணியில் உள்ளன. நான்கைந்து கணினிகள் உள்ள சிறிய அலுவலகத்துக்கோ, கணினி ஆசிரியர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பள்ளிக்கோ இது எவ்வளவு உதவும் என்பதை அந்த இடத்தில் இருப்பவர்கள் அறிவார்கள்.

எழுத்துருக்களை நிர்வகிக்கும் பகுதி தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்குத் தனியாகப் பயன்படும். டிடிபி வேலையில் பாமினி, டாப் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களை இன்னும் கைவிட முடியாதவர்கள், அவை இருக்கும் கோப்புறையைக் காட்டினால் கணினி முழுமைக்கும் சேர்த்துக்கொள்கிறது. விண்டோஸ் பகுதியிலிருந்து எழுத்துருக்களை எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. மொழி அமைப்பும் அப்படியே: மொழியையும் நாட்டையும் தேர்ந்தெடுக்கும்போதே எந்த உள்ளீட்டு முறை வேண்டும் என்று கேட்கிறது. ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலைச் சொல்லி, பல மொழி விசைமுறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் சேர்த்துக்கொண்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு முறை எல்லாமே கிடைத்துவிடும். லிப்ரேஆபிஸின் தமிழ் இடைமுகம் தனித் தொகுப்பாக, மஜேயாவின் மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் இணையக் களஞ்சியத்தில் இருக்கிறது. கட்டுப்பாட்டு மையத்தை முழுக்கத் தமிழில் எதிர்பார்த்து வருகிறவர்கள் மட்டும் ஆங்கிலத்துக்கும் தயாராக வரட்டும்.

மென்பொருள் நிறுவும் கருவி யுஆர்பிஎம்ஐ. பெயர் வாயில் நுழையாது, வேலை சுத்தம். ஒரு தொகுப்பு இயங்க வேறு எந்தெந்தத் தொகுப்புகள் வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடித்துச் சேர்த்து நிறுவும் வேலையை, ஆர்பிஎம் என்ற தொகுப்பு வடிவத்தைப் பயன்படுத்தும் லினக்ஸ் உலகில் முதலில் ஒழுங்காகச் செய்தவற்றில் இதுவும் ஒன்று. பெயரின் ஒரு பகுதியைத் தந்தாலும் பொருந்துபவற்றைக் காட்டுகிறது. இனி யாருக்கும் தேவைப்படாமல் அநாதையாகக் கிடக்கும் தொகுப்புகளைத் தனியே அடையாளம் கண்டு நீக்க வழி தருகிறது. ஃபெடோரா லினக்ஸிலிருந்து வருகிறவர்களுக்கு, அங்கே பழகிய டிஎன்எஃப் என்ற நிறுவும் கருவியும் உண்டு. களஞ்சியங்கள் கோர், நான்ஃப்ரீ, டெயின்டட் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன; மூடிய மூல இயக்கிகள் நான்ஃப்ரீயிலும், சில நாடுகளில் காப்புரிமைச் சிக்கல் வரக்கூடிய ஒலி, காணொளிக் கருவிகள் டெயின்டடிலும் இருக்கும். தன் கணினியில் எது எந்த உரிமத்தில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இந்தப் பிரிப்பு நேர்மையானது.

உள்ளே இருக்கும் சரக்கு வெளியான நாளுக்குப் பழுதில்லை: கெர்னல் (இயங்குதளத்தின் கரு) 6.4, பிளாஸ்மா 5.27, க்னோம் 44, எக்ஸ்எஃப்சிஇ 4.18, லிப்ரேஆபிஸ் 7.5. கெர்னலைப் பின்னர் 6.6 வரிசைக்கு உயர்த்தினார்கள். முக்கியமான இன்னொன்று, 32-பிட் கணினிகளுக்கு இதில் இன்னும் இடம் இருக்கிறது. உபுண்டுவும் ஃபெடோராவும் 32-பிட் நிறுவியை எப்போதோ நிறுத்திவிட்டன.

குறைகளைச் சொல்லும்போதுதான் ஆட்குறைப்பின் இன்னொரு முகம் தெரிகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரம் பார்ப்பவர்கள் கையிலிருந்து, ஓய்வு நேரத்தில் பார்க்கும் தன்னார்வலர்கள் கைக்கு இந்த இயங்குதளம் வந்து பதினைந்து ஆண்டுக்கு மேலாகிறது. தொடக்கத்தில் ஒன்பது மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று திட்டம் வைத்திருந்தார்கள். எட்டாம் பதிப்பு 2021 பிப்ரவரியில் வந்தது. ஒன்பது வர இரண்டரை ஆண்டு பிடித்தது. இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் என்பதால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் நேற்றுக் கடையில் வாங்கிய மடிக்கணினியில் இதை நிறுவ நினைப்பவர், தன் வைஃபை அட்டையும் கிராபிக்ஸ் அட்டையும் வேலை செய்கின்றனவா என்று லைவ் வடிவத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டே இறங்கவேண்டும்.

கையொப்பமிடப்பட்ட இயங்குதளத்தை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்புக்கு ஆதரவு இல்லை என்பதைப் பெரிய குறையாகவே எடுத்துக்கொள்கிறேன். உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்சூசே எல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்ட சிக்கல் இது. மஜேயாவை நிறுவக் கணினியின் யுஇஎஃப்ஐ (பயாஸின் இன்றைய வடிவம்) அமைப்புக்குள் போய்ச் செக்யூர் பூட்டை அணைத்தே ஆகவேண்டும். புதிதாக வருகிறவருக்காகவே இத்தனை படிவங்களைச் செய்து வைத்த ஒரு இயங்குதளம், அவரை வாசலிலேயே பயாஸ் திரைக்கு அனுப்புவது முரணாக இருக்கிறது.

கட்டுப்பாட்டு மையத்தின் தோற்றமும் வயதைக் காட்டுகிறது. பெர்ல் மொழியில் எழுதப்பட்டு ஜிடிகே சாளரங்களில் ஓடும் இந்தக் கருவிகள், புதிய பிளாஸ்மா மேசைத்தளத்துக்கு நடுவே வேறு வீட்டுச் சாமான்போலத் தெரிகின்றன. இது எனக்குத் தொந்தரவாக இல்லை. ஆனால் பெர்ல் தெரிந்த இளைஞர்கள் குறைந்துவரும் காலத்தில், இவற்றை அடுத்த பத்தாண்டு யார் பராமரிப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது.

மாண்ட்ரிவாவின் வாரிசு மஜேயா மட்டுமல்ல. ஓப்பன்மாண்ட்ரிவா யுஆர்பிஎம்ஐயை விட்டு டிஎன்எஃப்புக்கு மாறி, கிளாங் என்ற தொகுப்பியை (நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கருவியை) கொண்டு கட்டி, வேகமாக ஓடப் பார்க்கிறது. புதுமை விரும்புகிறவர்கள் அதைப் பார்க்கலாம். பிசிலினக்ஸ்ஓஎஸ் மாண்ட்ரேக் காலத்திலேயே கிளைத்தது. பழைய கருவிகளை அவற்றின் முழு வடிவத்தில் வைத்திருப்பதில் மஜேயாவே முன்னால் நிற்கிறது என்பது என் கணிப்பு.

டுவால் என்ன ஆனார் என்று கேட்பவர்களுக்கு: வேலை போன பிறகு அவர் உல்டியோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2017 இறுதியில் மக்களிடம் நிதி திரட்டி, ஆண்ட்ராய்டிலிருந்து கூகுளின் சேவைகளை நீக்கிய ஒரு கைப்பேசி இயங்குதளத்தைத் தொடங்கினார். லினியேஜ்ஓஎஸ் என்ற கட்டற்ற ஆண்ட்ராய்டு வடிவத்தின் மீது கட்டப்பட்ட அது இப்போது இ-ஓஎஸ் என்ற பெயரில், முரேனா என்ற வணிகப் பெயரோடு விற்கப்படும் கைப்பேசிகளில் வருகிறது. இம்முறை நிரலின் பொறுப்பை ஒரு லாபநோக்கற்ற அறக்கட்டளையிடமும் வியாபாரத்தைத் தனி நிறுவனத்திடமும் பிரித்து வைத்திருக்கிறார். மாண்ட்ரிவாவில் பட்டவர் இப்படிப் பிரித்து வைத்ததில் எனக்கு வியப்பில்லை. அந்தப் பொருளைத் தனியாகத்தான் மதிப்பிடவேண்டும்.

யாருக்கு மஜேயா 9? ஐந்து, பத்து ஆண்டு பழைய கணினியை வைத்துக்கொண்டு, அதைத் தானே நிர்வகிக்க விரும்பி, கட்டளை வரிக்குப் போக மனமில்லாதவருக்குத் தயங்காமல் சொல்வேன். சிறிய அலுவலகங்களுக்கும் சொல்வேன். புதிய வன்பொருள், புதிய விளையாட்டுகள், மாதத்துக்கொரு மாற்றம் என்று இருப்பவர்கள் ஃபெடோரா பக்கம் போவதே நல்லது. நிறுவ முடிவு செய்தவர்கள் செக்யூர் பூட்டை முதலில் அணைத்துவிட்டு, 64-பிட் கணினி என்றால் கிளாசிக் நிறுவியில் பிளாஸ்மாவையும், வீட்டில் தூசி படிந்து கிடக்கும் 32-பிட் கணினி என்றால் எக்ஸ்எஃப்சிஇ லைவ் வடிவத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். களஞ்சியங்களைச் சேர்க்கும்போது நான்ஃப்ரீயையும் டிக் செய்துவிட்டால் வைஃபைக்காகப் பிறகு அலையவேண்டியிருக்காது.